நரி முகத்தில் முழிக்க வந்தவர்கள்

கீர்த்தனன் அன்று விடியற்காலையும் நரியைக் காணவில்லை. அதற்குக் காரணம் நரி அல்ல, தன் அக்காதான் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். மூன்று மாடி ஏறி வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கத்தினான்.

“நீ நேரத்துக்குப் போன் அடிச்சிருந்தால் நான் பிடிச்சிருப்பன். நான் வந்து நிக்க அது போயிட்டுது.”

“தம்பி, நீ நகரத்துக்கு வெளியிலை, லெ பிளாங்-மெனிலிலை இருந்து காரிலை வாறாய். நரி என்ன, உனக்காகக் கதிரை போட்டுக் குந்திக்கொண்டு இருக்குமோ?” என்றாள் றஜனி.

“கொஞ்சம் முன்னமே பாத்துச் சொல்லியிருக்கலாம்தானே.”

வராத நரியை முன்னமே எப்படிப் பார்ப்பது என்று கேட்க வாயெடுத்தவள், விட்டுவிட்டாள். கீர்த்தனனோடு விடியற்காலையில் வாதாடுவதற்குத் தனியாக ஓர் உடம்பு வேண்டும். அவளிடம் இருந்தது ஓர் உடம்புதான். அதுவும் முதல் நாள் மருத்துவமனையில் பின்னேர வேலை முழுக்க வயதானவர்களைத் தூக்கி, துடைத்து, கிடத்திவிட்டு வந்த உடம்பு. அதை விடியுமுன்னே எழுப்பி, கீழ்வீட்டுக் குசினி யன்னலடியில் கொண்டுபோய் நிறுத்தி, ரயில் கரையைப் பார்க்க வைத்ததும் இதே தம்பிதான்.

நரி முகத்தில் முழித்தால் நினைத்தது கைகூடும் என்பது நம்மவர்களுக்கு ஒன்றும் புதுக்கதை இல்லை. ஒருவனுக்கு வதிவிட அட்டை கிடைத்தால், மகளுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் பொருந்தினால், ‘நரி முகத்திலை முழிச்சனியோ’ என்று கேட்காத வாய், பிரான்சில் நம்மவர்கள் கடை வைத்திருக்கும் லா ஷப்பலில் கிடையாது. படுக்கையறைச் சுவரில் நரிப் படம் மாட்டி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படியிருக்க, உயிருள்ள நரியொன்று அங்கே ரூ பஜோல் தெருவில், பிள்ளையார் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில், வீட்டுக்குப் பின்னால் குட்டி போட்டுக்கொண்டு குடியிருக்கிறது என்றால் சும்மா விடுவார்களா?

றஜனி செய்த ஒரே பிழை, அதை அம்மாவிடம் சொன்னதுதான். கீழ்வீட்டு மர்கரீத், கடிதப் பெட்டியடியில் நின்றபோது பேச்சோடு பேச்சாகச் சொன்ன விஷயம் அது. மர்கரீத் புதுச்சேரிக்காரி, தபால் துறையில் காலம் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நித்திரை வராத கண்ணை வைத்துக்கொண்டு விடியற்காலைகளில் யன்னலடியில் கோப்பியோடு உட்கார்ந்திருப்பாள். தண்டவாளத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே முட்செடி மண்டிக் கிடக்கும் சரிவில் நரி ஒன்று பொந்து தோண்டியிருப்பதை அவள்தான் முதலில் கண்டாள். றஜனி மாடிக்கு வந்து, தேத்தண்ணி ஊற்றும்போது, “அம்மா, பின்பக்கம் நரி குட்டி போட்டிருக்காம்” என்று சொல்லி வைத்தாள். சுகிர்தம் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கவில்லை, மகனுக்கு அழைப்பு எடுத்துவிட்டாள்.

அன்று தொடங்கியது இந்த அரியண்டம்.

கீர்த்தனன் பக்கத்துத் தெருவான ரூ காயில் புடைவைக் கடை திறக்கப் போகிறான். நாள் பார்த்து வைத்திருப்பது வெள்ளிக்கிழமை. அன்று காலை நரி முகத்தில் முழித்துவிட்டுப் போய்க் கடையைத் திறந்தால் பிறகு திரும்பிப் பார்க்கவே தேவையில்லை என்பது தாயும் மகனும் சேர்ந்து கண்ட முடிவு. இடையில் ஓரிரண்டு ஒத்திகையும் பார்த்துவிட வேண்டுமாம். கைத்தொலைபேசியில் நரிப் படம் போட்டு வைத்தால் போதாதா என்று அவன் மனைவி யசோதினி கேட்டிருக்கிறாள். உயிரோடு ஒன்று நிற்கும்போது படத்துக்குப் பலன் இல்லை என்று சுகிர்தம் சொல்லிவிட்டாள். யாரோ பெரிய சாத்திரம் படித்தவள் போல.

இதெல்லாம் கிடக்கட்டும், றஜனியை உறுத்தியது வேறொன்று. அந்தக் கடையில் கெஸ், அதாவது காசு வாங்கும் மேசை, றஜனிக்குத்தான் என்று கீர்த்தனன் ஊருக்கெல்லாம் சொல்லி முடித்திருந்தான். அவளிடம்தான் கேட்கவில்லை. ‘அக்காவுக்கென்ன, பிள்ளையோ குட்டியோ? ஆஸ்பத்திரியை விட்டுட்டு வந்து கடையிலை இருந்தால் அவவுக்கும் பொழுது போகும்’ என்று அவன் சொன்னதை நாலு பேர் அவளிடமே வந்து சொன்னார்கள். பொழுது போகாமல்தான் அவள் நாள் முழுக்கக் கிழவர்களைத் தூக்கிக்கொண்டிருக்கிறாள் என்று அவனுக்கு நினைப்பு.

அவனைப் பிரான்சுக்குக் கூப்பிட்டவள் அவள். மொழிப் பாடசாலைக்கு இழுத்துக்கொண்டு போனவள் அவள். அவனுக்குப் பெண் பார்த்து, மண்டபம் பிடித்து, தாலி முடிய நாதஸ்வரக்காரருக்குச் சாப்பாடு போட்டவளும் அவள். நடுவில் அவளுக்கும் கனடாவில் ஒரு மாப்பிள்ளை பேசி, மோதிரம் மாற்றி, அவன் ஒரு நாள் தொலைபேசியை எடுக்காமல் விட்டான். அதோடு அந்தக் கதை முடிந்தது. அதற்குப் பிறகு வீட்டில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அம்மா அவளோடு இரண்டு அறை வீட்டில் இருந்தாள். காலையில் கோயில், பிறகு தொலைக்காட்சி, பின்னேரம் மகனோடு தொலைபேசி. நாற்பது தாண்டிய றஜனியை இன்னமும் ‘பிள்ளை’ என்று கூப்பிட்டு எல்லா வேலையும் வாங்கிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் ஒருவருக்கும் தெரியாதது இதுதான். ரயிலில் போக வேண்டிய தூரத்தில், நாந்த் நகரத்தில் ஒரு மருத்துவமனை றஜனியை வேலைக்கு வரச்சொல்லியிருந்தது. பயிற்சிக்கென்று ஒருமுறை அங்கே போய் நின்றிருக்கிறாள். ஆற்றங்கரை வாங்கில் உட்கார்ந்து பாண் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தபோது, பின்னேரம் முழுக்கப் பிள்ளை என்றோ அக்கா என்றோ தன்னை ஒருவரும் கூப்பிடவில்லை என்பது திடீரென்று உறைத்தது. அந்தச் சந்தோசத்தில் அழுகைகூட வந்தது. திரும்பி வந்து ஒருவருக்கும் சொல்லாமல் விண்ணப்பம் போட்டாள். கிடைத்தும் விட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் ஓம் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

ஓம் என்பது ஒரு சொல். அதை வாயில் வைத்துக்கொண்டு அவள் வாரக்கணக்காக விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் திரிந்தாள்.

விடிந்தால் நரிக் காவல். மர்கரீத் கதவைத் திறந்து விடுவாள். முகத்தில் சிரிப்பு இருக்காது. அவளுக்கும் இது தொல்லைதான். ஆனால் கோப்பி தருவாள்.

“உங்க தம்பி இன்னிக்கும் வருதா?” என்பாள்.

“வருவான். நரி போன பிறகு வருவான்.”

“மோன் தியே, கடவுளே. கோவில்ல சாமி பாக்க வர்ற மாதிரி இல்ல வர்றாங்க.”

பார்க்கப் பார்க்க றஜனிக்கும் அந்தக் குடும்பம் பிடிபட்டது. ஆண் நரி வடக்குப் பக்கம் இருந்து தண்டவாளக் கரையோடு தனியாக வரும். ஓடாது, நடக்கவும் செய்யாது, அளந்து வைத்தது போல ஒரு துள்ளுநடை. தினமும் ஒரே பாதை. ஒரே சிமெந்துக் கட்டையடியில் நின்று காலைத் தூக்கி, இது என் வீட்டு எல்லை என்று எழுதி வைத்துவிட்டு வரும். வாயில் எலியோ புறாவோ இருக்கும். பொந்துக்கு முன்னால் போட்டால் குட்டிகள் பாய்ந்து வந்து ஒன்றையொன்று மிதித்துத் தள்ளும்.

ஒரு நாள் சுகிர்தமும் வந்து யன்னலடியில் நின்று பார்த்தாள். அவளுக்குத் திருப்தி இல்லை.

“என்ன ஒண்டு மட்டும் வருது? வன்னியிலை நரி கூட்டமாயல்லே திரியும். ஊளையும் இடேல்லை. உது நரிதானோ?”

“இங்க வேலைக்குப் போறது தனித்தனியா. குடும்பம் மட்டும் ஒண்ணு,” என்றாள் மர்கரீத். “நம்ம ஆளுங்க மாதிரிதான். ஆளுக்கொரு மெட்ரோ புடிச்சிப் போய்ட்டு வர்றாங்க இல்ல?”

சுகிர்தம் சரிவில் நின்ற இன்னொரு நரியைக் கண்டு கையெடுத்துக் கும்பிட்டாள். மெலிந்த உடம்பு. ஒரு குட்டி அதன் வாலைப் பிடித்துத் தொங்கியது. இன்னொன்று காதைக் கடித்தது. அது எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு, தலையைத் திருப்பித் திருப்பி வேலிப் பக்கம் பார்த்துக் காவல் இருந்தது.

“தாய்க்காரியின்ரை பொறுமையைப் பார்,” என்றாள் சுகிர்தம். “பெத்தவளுக்குத்தான் உந்தப் பொறுமை வரும்.”

சுகிர்தம் கோயிலுக்குப் புறப்பட்டுப் போன பிறகு மர்கரீத் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். “அது அம்மா இல்ல. அம்மாவுக்கு ஒரு காது கிழிஞ்சிருக்கும். அது இப்ப உள்ள படுத்திருக்கு. இது போன வருஷத்துப் பொண்ணு.”

“போன வருசத்துப் பிள்ளை ஏன் இன்னும் இஞ்சை நிக்குது?”

“ஆம்பளப் பசங்க குளிர் வர்றதுக்கு முன்னாடியே தண்டவாளத்தப் புடிச்சிக்கிட்டு எங்கியாவது போயிடுவாங்க. பொண்ணுங்கள்ல ஒண்ணு ரெண்டு தங்கிடும். தங்கி, அம்மா போடுற குட்டிங்களப் பாத்துக்கும். தீனி கொண்டாரும், காவல் இருக்கும்.”

“அதுக்கு எண்டு குட்டி?”

“அம்மா இருக்கிற எடத்துல பொண்ணுக்குப் பெரும்பாலும் கெடையாது.”

றஜனி யன்னலைப் பார்த்தாள். அந்த மெலிந்த நரி இப்போது குட்டிகள் தின்று முடித்த இடத்தை மோந்துகொண்டிருந்தது. மிச்சம் ஒரு புறாச் செட்டை. அதைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து தின்றது.

“பிறகு அது போகாதோ, அன்ரி?”

“சிலது அடுத்த வருஷம் கெளம்பும். சிலது கெளம்பாது.”

“ஏன் கிளம்பாது?”

“நான் என்ன, அதுங்கிட்ட கேட்டா பாத்தேன்?” என்றாள் மர்கரீத்.

றஜனிக்கு அந்த நரியின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. கீர்த்தனன் மேல், அம்மா மேல் வராத கோபம் எல்லாம் அந்த நாலுகால் சீவன் மேல் வந்து விழுந்தது. உனக்கென்ன கேடு? உன்னை யார் கட்டி வைத்திருக்கிறார்கள்? கண்ணுக்கு முன்னால் இவ்வளவு நீளத்துக்குத் தண்டவாளம் கிடக்கிறதே! “போ, போவனடி, விசரி,” என்று கண்ணாடியைப் பார்த்து வாய்விட்டே சொன்னாள். மர்கரீத் குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

புதன்கிழமை கீர்த்தனன் ஒரு கெட்டித்தனம் செய்தான். நரிக்குப் பசி எடுத்தால் தானாக வெளியே வந்து நிற்கும் என்று நினைத்து, தெரிந்தவரின் உணவகத்தில் இருந்து ஒரு பை நிறையப் பிரியாணிக் கோழி வாங்கி வந்து வேலிக்கு மேலால் எறிந்துவிட்டுப் போய்விட்டான். அடுத்த நாள் விடியச் சரிவு முழுக்கக் காகம். எலிகள் வெட்கம் கெட்டுப் பகலிலேயே திரிந்தன. கட்டடக் காவலாளி பிரெஞ்சில் கத்தினான். மேல்மாடிக்காரி யாரோ முறைப்பாடு எழுதப் போவதாகச் சொன்னாள். நரிகளில் ஒன்றுகூட வெளியே தலை காட்டவில்லை.

மர்கரீத் றஜனியிடம் சீறினாள். “மனுஷன் வாட வந்திடுச்சி இல்ல? அம்மா நரி இனிமே அங்க வச்சிருக்குமா? ஒவ்வொரு குட்டியா வாயில கவ்விக்கிட்டு வேற எடம் போயிடும். போதும்மா. நாளைக்கு ஒருத்தரும் வர வேணாம். நீயும் வேணாம்.”

கீர்த்தனனுக்கு அழைத்துச் சொன்னால், “அப்ப நீ மறிச்சிருக்கலாம்தானே” என்றான். அம்மாவிடம் சொன்னால், சுகிர்தம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அவன் ஒரு நல்ல காரியம் துவங்கேக்கை இப்பிடித் தடங்கல் வருதே” என்று சாமித் தட்டுக்கு முன்னால் போய் இருந்தாள். இரண்டு பக்கமும் அடி வாங்கியது றஜனி. கடைசியில் அவளே திரும்பவும் கீழே இறங்கிப் போனாள். நாளைக்கு ஒரு நாள் மட்டும், சத்தம் போட மாட்டார்கள், படம் எடுக்க மாட்டார்கள், ஒரு எலும்புத் துண்டும் எறிய மாட்டார்கள் என்று மர்கரீத்தின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே தன்னில் தனக்கு வெறுப்பாக இருந்தது. யாருக்காக இந்தக் கெஞ்சல்? மர்கரீத் பெருமூச்சு விட்டுச் சம்மதித்தாள்.

வியாழக்கிழமை பின்னேரமே கீர்த்தனனும் யசோதினியும் பெட்டியோடு வந்து சேர்ந்துவிட்டார்கள். காலையில் கண்ணைத் திறக்காமலே போய் நரியின் முன்னால்தான் திறக்க வேண்டுமாம். சித்திரை வருசப் பிறப்பில் கண்ணை மூடிக்கொண்டு போய்ச் சாமி முன்னால் விழிப்பது போல. அவர்கள் கட்டிலில், அம்மா மற்றக் கட்டிலில், றஜனி குசினி நிலத்தில். கட்டிலில் இருந்து குரல் வந்தது. “அக்கா, நாளைக்கு நீ ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிப்போட்டியோ? கெஸ்ஸிலை முதல் நாளே நீ இருந்தால்தான் வடிவு.” அவள் நித்திரை போலக் கிடந்தாள்.

விடிந்தும் விடியாத நேரத்தில் அந்த ஊர்வலம் படியிறங்கியது. கட்டடத்தில் மின்தூக்கி இல்லை. முன்னால் றஜனி, கண் திறந்தவள் அவள் ஒருத்திதான். அவள் தோளில் அம்மாவின் கை. அம்மாவின் தோளில் கீர்த்தனனின் கை. அவன் வேட்டி கட்டிப் பட்டுச் சட்டை போட்டிருந்தான். அவன் சட்டை நுனியைப் பிடித்தபடி காஞ்சிபுரப் பட்டில் யசோதினி. “படி... இன்னொரு படி... திரும்புங்கோ... அம்மா, சீலையைத் தூக்குங்கோ” என்று றஜனி ஒவ்வொன்றாகச் சொல்லி இறக்கினாள். இரண்டாம் மாடியில் வேலைக்குப் புறப்பட்ட வீட்டுக்காரன் ஒருவன் கதவைத் திறந்து வெளியே வந்து, சுவரோடு ஒட்டி வழிவிட்டு, “பொன்ஷூர்” என்றான். கீர்த்தனன் கண்ணை இறுக்கி மூடியபடியே சுவரைப் பார்த்து, “பொன்ஷூர்” என்றான். வேறொரு நாளென்றால் றஜனிக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

மர்கரீத் வீட்டுடுப்போடு கதவைத் திறந்தாள். கண் மூடி நின்ற பட்டுக்கூட்டத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். குசினி விளக்கை அணைத்து, வெளிப்புறம் தெரியும்படி திரைச்சீலையை விலக்கிவிட்டாள்.

றஜனி மூவரையும் யன்னலுக்கு நேரே வரிசையாக நிறுத்தினாள். தான் ஓரமாக, கண்ணாடியடியில் நின்றாள். அங்கே நின்றால்தான் சரிவு முழுக்கத் தெரியும்.

சுகிர்தத்துக்கு அவள் எங்கே நிற்கிறாள் என்பது மூச்சிலேயே தெரிந்தது.

“பிள்ளை, நீ முன்னுக்கு நிக்காதை. பின்னாலை போய் நிண்டு சொல்லு.”

“பின்னாலை நிண்டால் எனக்குத் தெரியாது, அம்மா.”

“சொல்லுறதைக் கேள். தம்பி கண்ணைத் திறக்கேக்கை உன்ரை முகம் குறுக்கை வரக்கூடாது. அவனுக்கு இண்டைக்கு நல்ல நாள்.”

சாதாரணமாகத்தான் சொன்னாள். உப்புக் குறைவு என்று சொல்வது போல. அதில் பகை இல்லை, குத்தல் இல்லை. அதுதான் றஜனியைக் கொன்றது. கல்யாணம் நின்றுபோன பெண்ணின் முகம் நல்ல காரியத்துக்கு முன்னால் ஆகாது என்று யாராவது சொன்னால் சண்டை பிடிக்கலாம். இது சொல்லப்படவே இல்லை. வீட்டில் உள்ள எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைப் போல, அவளுக்கும் தெரிந்திருக்கும் என்பது போல. நித்தமும் விடியத் தேத்தண்ணியோடு போய் எழுப்புகிறாளே, அம்மா கண்ணைத் திறப்பது அவள் முகத்தில்தானே? இத்தனை காலமும் அதில் என்ன குடி முழுகிப் போனது?  மர்கரீத் மேசையில் கோப்பையை வேண்டுமென்றே சத்தமாக வைத்தாள்.

றஜனி பின்னால் போனாள். பழக்கம். சொன்னால் செய்துவிடும் உடம்பு.

மூன்று தலைகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளியால் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே வெளுத்தது. ஒரு ரயில் போனது. முட்செடி அசைந்தது. அந்த மெலிந்த நரி வந்தது. வாயில் எதுவோ தொங்கியது. குட்டிகள் பொந்தை விட்டுப் போய்விடவில்லை, ஓடி வந்தன. அது எடுத்து வந்ததைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்று காவல் பார்த்தது.

“வந்திட்டுதோ, அக்கா?” என்றான் கீர்த்தனன்.

“இல்லை,” என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. வாய் சொல்லிவிட்டது. இந்த நரியின் முகத்தையும் இவர்களுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டுமா என்று இருந்தது. அது தன் பாட்டில் நின்றது. குட்டிகள் தின்று முடித்தன. கிழிந்த காதோடு தாய் நரி பொந்து வாசலில் வந்து படுத்தது. மெலிந்தது கொஞ்சநேரம் நின்று பார்த்தது. பிறகு தண்டவாளக் கரையில் ஏறி, அந்தத் துள்ளுநடையோடு தன் அலுவலைப் பார்க்கப் போனது. திரும்பி வரும்; பின்னேரமும் எதையாவது கவ்விக்கொண்டு வரும். வராமலும் விடலாம். அது அதன் பாடு.

றஜனி பின்னால் இருந்து விலகி, மூவரையும் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். யன்னலுக்கும் அவர்களுக்கும் நடுவே, அம்மா நிற்காதே என்று சொன்ன அதே இடத்தில், முகத்துக்கு நேரே நின்றாள். மூன்று மூடிய முகங்கள். வாழ்க்கையில் முதல்தரமாக இவர்கள் முன்னால் நின்று, குறுக்கே யாரும் பார்வையால் மறிக்காமல் பேசலாம் என்று பட்டது.

“தம்பி, நான் கடைக்கு வரமாட்டன்.”

“என்ன?”

“கெஸ்ஸிலை நான் நிக்கமாட்டன். நாந்திலை ஒரு ஆஸ்பத்திரியிலை எனக்கு வேலை கிடைச்சிருக்கு. இண்டைக்கு ஓமெண்டு சொல்லப்போறன். அங்கை போய் இருக்கப்போறன்.”

“விடியக்காலமை பகிடி விடாதை, அக்கா. நரி வந்திட்டுதோ, இல்லையோ?”

“நரி கிடக்கட்டும். நான் சொன்னது விளங்கினதோ?”

விளங்கியிருக்க வேண்டும். கீர்த்தனன் கண்ணைத் திறந்தான். திறந்த கண்ணுக்கு நேரே அக்காவின் முகம், ஒரு முழத்தில். “ஐயோ!” என்று இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டான். பொத்தினால் பார்த்தது இல்லை என்று ஆகிவிடுமா?

“கடை திறக்கிற நாளிலை... உனக்கு வேறை நேரம் கிடைக்கேல்லையோ? ஒரு கிழமை பொறுத்துச் சொல்லியிருக்கலாம்தானே!”

“ஒரு கிழமை பொறுத்தால் நீ கெஸ்ஸிலை என்னைக் குந்தவைச்சிருப்பாய்.”

“கடைக்கு ஆர் நிக்கிறது இப்ப?”

“நான் நிக்கிறன்,” என்றாள் யசோதினி. அவளும் கண்ணைத் திறந்துவிட்டாள். ஒருவரையும் பார்க்காமல் புடைவைத் தலைப்பைச் சரி செய்தபடி சொன்னாள்.

“உமக்கென்ன தெரியும் கெஸ்ஸைப் பற்றி?”

“கலியாணத்துக்கு முந்தி சுப்பர்மார்க்கெட்டிலை கெஸ்ஸிலைதானே நிண்டனான். பொம்பிளை பாக்க வந்த நீங்கள் என்னை முதல்முதல் கண்டதே அதிலைதான். மறந்து போச்சோ? ஒருக்காலும் என்னட்டைக் கேக்கேல்லை. மச்சாளிட்டையும் கேக்கேல்லை.”

மர்கரீத் பின்னால் இருந்து, “வுவாலா, அப்படிச் சொல்லு” என்றாள்.

கீர்த்தனன் பொத்திய கையைக் கீழே விட்டான். மனைவியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். கடைசியில் கையில் கிடைத்த கல்லை எறிவது போல ஒரு கேள்வியை எறிந்தான்.

“அப்ப அம்மா? அம்மாவை ஆர் பாக்கிறது?”

இந்தக் கேள்விதான் வாரக்கணக்காக அவள் நெஞ்சில் ஏறி இருந்தது. ஓம் என்ற சொல்லை இதுதான் மறித்து வைத்திருந்தது. இப்போது அவன் வாயில் கேட்டபோது அது அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.

“நீ பார்,” என்றாள். “நானும் வந்து பாப்பன். ரயில் ஓடுதுதானே.”

சுகிர்தம் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. எல்லாம் காதில் விழுந்திருந்தது. இமைகளை இறுக்கி மூடியபடி, கைகளைக் கூப்பியபடி நின்றாள். உதடு துடித்தது. ஓர இமையால் நீர் கசிந்து கன்னத்தில் இறங்கியது, அவள் துடைக்கவில்லை. 

“பிள்ளை,” என்றாள் கடைசியில். “நரி நிக்குதோ?”

றஜனி தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்தாள். சரிவில் ஒன்றும் இல்லை. தாய் உள்ளே போயிருந்தது, குட்டிகளும் போயிருந்தன. முட்செடியும் கல்லும் வெளிச்சமும்தான். அவள் திரும்பி, அம்மாவின் முகத்துக்கு நேரே, இன்னும் கொஞ்சம் கிட்டப் போய் நின்றாள். கோபம் இப்போதும் இருந்தது. 

“நிக்குது, அம்மா. கண்ணைத் திறவுங்கோ.”

சுகிர்தம் கண்ணைத் திறந்தாள். மகளின் முகம். அவள் கையைத் தூக்கிக் கண்ணை மறைக்கவில்லை. தலையைத் திருப்பவும் இல்லை. நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தும் இதுவரை பார்க்காத ஒன்றைப் பார்ப்பது போல, நெற்றியில் இருந்து நாடி வரை, ஆறுதலாகப் பார்த்தாள். கும்பிட்ட கை அப்படியே இருந்தது.

“அங்கை,” என்று கேட்டாள், “இஞ்சையை விடக் குளிரோ?”